தென்னூர்த் தொட்டியில் காவிரி

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஏதோ ஒரு வீட்டுக்குப் போவீர்கள், காபி வரும்வரை உட்காரச் சொல்வார்கள், கண் தானாக ஒரு மூலையைத் தேடிப் போய் நிற்கும். எனக்கு அந்த மூலையில் மீன்தொட்டி இருந்துவிட்டால் போதும், பேச்சு காதில் விழாது. மீனை நான் பார்ப்பதில்லை. கண்ணாடியைப் பார்ப்பேன். தண்ணீர் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் மனது உட்காரும். பளபளவென்று துடைத்த கண்ணாடியாக இருந்தால் எழுந்துபோய்விடத் தோன்றும்.

போன மாதம் அண்ணன் மகன் போன் செய்தான். அவனும் வீட்டில் தொட்டி வைத்திருக்கிறான். ஏதோ ஒரு துளி மருந்தை விட்டு நிறம் பார்த்து, தண்ணீருக்கு மார்க் போடுகிற காலம் இது. "அத்தை, தண்ணி புளிச்சுக்கிட்டே போகுது. ஏழுக்குக் கீழ இறங்கிருச்சு. மருந்து போட்டா ஏறுது, மறுநாள் மறுபடி இறங்குது" என்றான். ஒரு பிடி கிளிஞ்சல் போடு, பிறகு சும்மா இரு என்றேன். யார் சொன்னது என்று கேட்டான்.

யார் சொன்னது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் ஒரு ஆடி மாதம். நான் நான்காவதோ ஐந்தாவதோ படித்த வருஷம். அறுபதுகள் தொடங்கியிருந்தன.

*

அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ தென்னூரில் இருந்தது. முன்னால் ஸ்டூடியோ, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் கிணறு. அம்மா நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டதால் வீட்டை அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, நடத்தினாள். வெற்றிலைப் பெட்டியை இடுப்பில் செருகாத குறையாகக் கூடவே கொண்டு திரிவாள். அவள் மெல்லுவதை நிறுத்தினால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். அண்ணன் அப்பாவுக்கு உதவியாக இருட்டறையில் இருப்பான். இருட்டில் இருந்து இருந்தே பேச்சு குறைந்துபோனவன்.

ஸ்டூடியோவில் மீன்தொட்டி எதற்கு என்று கேட்பீர்கள். குழந்தைகளுக்காக. அந்தக் காலத்து கேமராவின் முன்னால் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் நிற்பார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு வயதுக் குழந்தை நிற்குமா? அப்பா கேமராவுக்குப் பக்கவாட்டில், சற்று முன்னால் தொட்டியை வைத்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மீனப் பாரு, மீனப் பாரு" என்பார். குழந்தையின் வாய் லேசாகத் திறக்கும், கண் அகலும், உடம்பு சிலையாகும். அந்த ஒரு நொடி அப்பாவுக்குப் போதும். தென்னூர், உறையூர்க் குழந்தைகளில் பாதிப் பேர் அந்தக் காலத்துப் படங்களில் ஏதோ ஒரு அதிசயத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். அது எங்கள் மீன்.

இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, ஓரமெல்லாம் கண்ணாடி ஒட்டும் மக்கு வைத்து அடைத்தது. நாலு குடம் தண்ணீர் பிடிக்கும். உள்ளே பன்னிரண்டு கறுப்பு மீன்கள். மோலி என்று அவற்றுக்குப் பெயர். தோசைக்கல்லின் அடியைக் கிள்ளி உயிர் கொடுத்ததுபோல் இருக்கும், அவ்வளவு கறுப்பு. அடியில் நாகப்பட்டினம் கடற்கரையில் அப்பா பொறுக்கி வந்த கிளிஞ்சல்கள், பாசி பிடித்து, பழைய பல் போல. வாரத்துக்கு இரண்டு செம்பு கிணற்றுத் தண்ணீர் சேர்ப்போம். வேறொன்றும் செய்ததில்லை. மீன்கள் குட்டி போட்டன, வளர்ந்தன, கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஆண்டுக்கு ஆண்டு தடித்தது. நகத்தால் சுரண்டினால் வராது. நாக்கால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ருசியே இல்லை.

அதே வெள்ளை வெந்நீர்ப் பானையின் அடியிலும் இருந்தது, இட்லிக் கொப்பரையிலும் இருந்தது. எங்கள் கிணறு உப்புக் கிணறு. அத்தை முன்னால் அப்படிச் சொல்லக் கூடாது.

*

ஆனி மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். அண்ணி ஸ்ரீரங்கத்துப் பெண். அம்மா மண்டபம் பக்கத்தில் வீடு, பூந்தோட்டக் குடும்பம். பிறந்ததிலிருந்து காவிரியைத் தவிர வேறு தண்ணீரைத் தொட்டவள் இல்லை. வந்த மூன்றாம் நாள் கிணற்றடியில் துணிக்குச் சோப்புப் போட்டவள், தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டாள். நுரைக்குப் பதில் தயிர் திரிந்ததுபோல் ஏதோ மிதந்தது.

"பாப்பா, உங்க ஊர்த் தண்ணிக்குக் கோவம் அதிகமோ? சோப்பக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குது."

நான் சிரித்தேன். அடுப்படியில் இருந்த அத்தை சிரிக்கவில்லை. "நுரை வரலேன்னா கையில பலம் இல்லேன்னு அர்த்தம்" என்று மட்டும் சொன்னாள், யாருக்கோ சொல்வதுபோல்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அண்ணியின் அண்ணன் சைக்கிளில் வருவார். இரண்டு பக்கமும் எண்ணெய் டின்களைக் கட்டி, அதில் காவிரித் தண்ணீர். பாலத்தையும் கடைத்தெருவையும் தாண்டி மிதித்து வந்தாலும் மூச்சு வாங்காமல் வாசலில் மணியடித்து, "காவேரி வந்திருக்கா, கதவத் தொறங்க" என்பார். அந்தக் குரலுக்கு அண்ணியின் முகம் எப்படி மாறும் என்பதை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அத்தை அந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டாள். குடிக்காமலே அதற்கு ருசி இல்லை என்பாள்.

பத்தொன்பது வயது அண்ணிக்கும் பத்து வயது எனக்கும் அந்த இரண்டு தண்ணீரும் விளையாட்டுச் சாமான். காலி மசிப் புட்டிகள் இரண்டு. ஒன்றில் கிணறு, ஒன்றில் காவிரி. சோப்பைச் சீவி ஒவ்வொரு துணுக்காகப் போட்டு, மூடி, குலுக்குவோம். காவிரிப் புட்டி இரண்டாவது துணுக்கிலேயே நுரையால் நிறைந்துவிடும். கிணற்றுப் புட்டி ஏழாவது, எட்டாவது வரை முறைத்துக்கொண்டிருக்கும். ஒன்பதாவதில் போனால் போகிறதென்று ஒரு விரல் நுரை. "உங்க அத்தையேதான்" என்று அண்ணி என் காதில் சொல்ல, சிரித்த சிரிப்பில் நான் புட்டியைக் கீழே போடப் பார்த்தேன்.

அப்பாவும் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிலிமைக் கழுவி உலர்த்தினால் எப்போதும் அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழும், அதைப் பென்சில் வைத்து மறைப்பதற்கே ஒரு மத்தியானம் போகும். கடைசிக் கழுவலுக்குக் காவிரித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அன்றிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் வந்த நேரம் என்று சொல்ல ஆரம்பித்தார். அத்தைகூட மறுக்கவில்லை. வந்த நேரம் என்பது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது. இந்தக் கை கொடுத்ததை அந்தக் கை பிடுங்கிக்கொள்ளும் வார்த்தை அது.

*

ஆடி பிறந்ததும் அண்ணியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். புதுப்பெண்ணை ஆடியில் புருஷன் வீட்டில் வைப்பதில்லை. ஆவணி முதல் தேதி திரும்பக் கூட்டிவர வேண்டும். பதினெட்டாம் பெருக்குக்கு என்னையும் அனுப்பினார்கள்.

அந்தத் தண்ணீரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படித்துறையில் நின்றால் ஆறு அடிவயிற்றிலிருந்து பேசும். டீயின் நிறம். உள்ளங்கையில் அள்ளினால் ரேகை தெரியாது. பெண்கள் காதோலையும் கருகமணியும் விட்டார்கள், அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள், நான் காப்பரிசியை மென்றபடி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சேற்றையா குடிக்கிறீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் அண்ணி காட்டினாள். பித்தளை அண்டா நிறையச் செந்தண்ணீர். மாடத்திலிருந்து ஒரு கட்டிப் படிகாரத்தை எடுத்து, தண்ணீருக்குள் விட்டு, மூன்றே சுற்று. எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டாள். "மூணு சுத்து, அவ்வளவுதான். எடுத்துடணும்" என்றாள். ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் அப்படியே சிவப்பாகவே இருந்தது. எனக்கு ஏமாற்றம். காலையில் எழுந்து ஓடிப் பார்த்தேன். அண்டாவின் அடியில் பித்தளை மின்னியது. தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உலகத்தில் இதைவிடப் பெரிய வித்தை எனக்கு யாரும் காட்டியதில்லை. கிளம்பும்போது மாடத்திலிருந்து நெல்லிக்காய் அளவு படிகாரத்தைக் கேட்காமல் எடுத்துப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டேன்.

*

அண்ணியின் அண்ணன் என்னைத் தென்னூரில் விட வந்தபோது டின்களில் புதுத்தண்ணீரும் வந்தது. அப்பா அதைக் கும்பிட்டு வாங்கினார். பிறகு தொட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுந்துபோய்த் தடுத்திருக்க முடியுமா என்று இன்றும் நினைப்பதுண்டு.

"நாம மட்டும் நல்ல தண்ணி குடிச்சா போதுமா? அதுங்களும் வாயில்லாத ஜீவன்தானே. வருஷக்கணக்கா உப்புலயே கெடக்குதுங்க."

அண்ணியின் அண்ணன் சளைக்காமல் இன்னொரு நடை போய் மேலும் இரண்டு டின் கொண்டுவந்தார். அப்பா மீன்களை வாளிக்கு மாற்றி, பழைய தண்ணீர் முழுவதையும் செடிக்குக் கொட்டினார். பிலிம் கழுவும் புளிப்பு மருந்தைத் துணியில் தொட்டு அந்த வெள்ளைக் கோட்டை ஒரு மணி நேரம் தேய்த்தார். கோடு சிறு சிறு கொப்புளம் விட்டு மறைந்தது. பாசி பிடித்த கிளிஞ்சல்களையெல்லாம் கூடையில் வாரி, கிணற்றடி வெயிலில் காயவைத்தார். தொட்டியில் புதுக் காவிரி. பதினோரு மீன்கள் உள்ளே. வயிறு பெருத்திருந்த ஒரு தாய் மீனை மட்டும், குட்டிகளை மற்றவை தின்றுவிடாமலிருக்க, ஏற்கெனவே பழைய தண்ணீரில் ஒரு ஜாடியில் தனியாக வைத்திருந்தார். அது இருட்டறை ஜன்னலில் இருந்தது.

தொட்டிக்குள் எதுவும் தெரியவில்லை. செந்தண்ணீரில் ஒரு கறுப்பு வால் வந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டு மறையும். மறுநாள் காலையில் சமயபுரத்தில் முடியிறக்கிய ஒரு குழந்தையைப் படம் எடுக்க வருவதாக இருந்தார்கள். மீன் தெரியாமல் குழந்தை எப்படி நிற்கும்? சாயங்காலம் யாரும் இல்லாதபோது ஸ்டூலில் ஏறினேன். மூன்று சுற்று சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது, காலையில்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுமை இல்லை. இன்னும் மூன்று. பிறகு ஒரு மூலையில் கட்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். அதிகம் போட்டால் அதிகம் தெளியும் என்று கணக்கு.

காலையில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த திரைச்சீலையில் வரைந்த மலையும் ஏரியும் தண்ணீர் வழியாக நெசவு நெசவாகத் தெரிந்தன. அடியில் மெல்லிய சேறு, கம்பளம் விரித்ததுபோல். அதன்மேல் பதினோரு கறுப்பு மீன்கள். சில பக்கவாட்டில், சில வயிறு மேலே. ஒன்று மட்டும் செவுளை இன்னும் அசைத்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டது.

நான் செய்த முதல் காரியம் அழுவதல்ல. கையை விட்டுப் படிகாரத்தைத் தேடியதுதான். புளியங்கொட்டை அளவுக்குக் கரைந்திருந்தது. எடுத்து ஒளித்தேன்.

குழந்தையோடு வந்தவர்கள் சரியாக அப்போது உள்ளே வந்தார்கள். தாய்க்காரி தொட்டியைப் பார்த்துவிட்டு முந்தானையால் குழந்தையின் கண்ணை மூடினாள். நல்ல காரியத்துக்கு வந்தோம் என்று ஒரு வார்த்தை. திரும்பிப் போய்விட்டார்கள்.

அத்தை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

*

அத்தை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "அவ வீட்டுத் தண்ணி உள்ள வந்துது, உசுரெல்லாம் போச்சு. நான் ஒண்ணும் சொல்லலே தம்பி. ஆவணி ஒண்ணாந்தேதியே அழைக்கணும்னு என்ன கட்டாயம்? புரட்டாசி போகட்டும். ஜாதகத்த இன்னொருக்காப் பாப்போம்."

அப்பா சோற்றைப் பிசைந்தார். அண்ணன் சரி அத்தை என்றான். அந்த இரண்டு வார்த்தைதான். அண்ணனை நான் பிற்காலத்தில் எத்தனையோ விஷயங்களுக்காக நேசித்திருக்கிறேன், அந்த இரண்டு வார்த்தையை மட்டும் எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜாதகத்தை இன்னொரு முறை பார்ப்பது என்றால் என்னவென்று எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தாள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று பார்த்துப் பார்த்து, அவளைப் புருஷன் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடாமலே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மாலையில் கோலம் போட மட்டும் வெளியே வருவாள்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் படிகாரத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்? யாரும் சாகவில்லையே? அப்படியானால் கொன்றது எது, காவிரியா, படிகாரமா? பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் குடைந்தது. அப்பா தொட்டியைக் கவிழ்ப்பதற்குள் ஒரு சோடா பாட்டில் நிறைய அந்தத் தண்ணீரைப் பிடித்து விறகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

இருட்டறையில் லிட்மஸ் தாள் புத்தகம் ஒன்று உண்டு. அப்பா மருந்து புளித்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தது. நீலத் தாள் புளிப்பில் சிவக்கும், சிவப்புத் தாள் சுண்ணாம்பில் நீலமாகும், அது நான் விளையாடிய விளையாட்டு. பத்துத் தாள்தான் மிச்சம் இருந்தது. கிழித்து எடுத்தேன். தொட்டித் தண்ணீரில் நனைத்ததும் நீலம் சிவந்தது. அதாவது அந்தப் பளிங்குத் தண்ணீர் புளித்திருந்தது. டின்னின் அடியில் மிஞ்சியிருந்த வெறும் காவிரியில் நீலம் நீலமாகவே இருந்தது.

மசிப் புட்டிகளைத் திரும்ப எடுத்தேன். அண்ணி இல்லாமல், தனியாக. ஒன்றில் காவிரி, ஒன்றில் கிணறு. படிகாரத்தைச் சுரண்டி ஒவ்வொரு சிட்டிகையாக. காவிரி மூன்றாவதிலேயே புளித்துவிட்டது. கிணறு மூன்றுக்கும் மசியவில்லை, ஐந்துக்கும் மசியவில்லை. தாள் தீர்ந்துபோனது. கிணறு அப்படியே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். சோப்புக்கு முகம் கொடுக்காத தண்ணீர், பருப்பை வேகவிடாத தண்ணீர், புளிப்புக்கும் முகம் கொடுக்கவில்லை. அதனுள் கரைந்திருந்த சுண்ணாம்புக் கல், அந்த வெள்ளைக் கோட்டின் கல், படிகாரத்தின் புளிப்பைத் தானே தின்றுவிடுகிறது என்பதைப் பின்னால் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்தேன். எனக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான்: காவிரி இளகிய மனசு, சொன்னவுடன் மாறிவிடும். கிணற்றுக்கு மாறத் தெரியாது. அந்த மாறாத தண்ணீரில்தான் மீன்கள் அத்தனை வருஷம் வாழ்ந்தன.

இன்னொன்றும் செய்தேன். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கூடையிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்துப் புளித்த காவிரிப் புட்டிக்குள் போட்டேன். ஏன் என்று தெரியாது, கை சும்மா இருக்கவில்லை. தாள் இல்லாததால் வேறு ஏதாவது நிறம் மாறும் பொருள் வேண்டியிருந்தது. அண்ணி முதல் நாள் வந்தபோது சுற்றிய ஆரத்தி ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் தண்ணீரில் அத்தை சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததும் குபீரென்று சிவந்ததே. சிவந்ததை வெளுக்கவைப்பது புளிப்பாகத்தானே இருக்க வேண்டும்?

குண்டூசி முனையில் எடுத்த சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். சுண்ணாம்பு ஒரு பொட்டு கூடினாலும் நிறம் அசையாது, அளவு பிடிபட மூன்று நாள் ஆயிற்று. புளித்த தண்ணீரை ஊற்றினால் சிவப்பு மஞ்சளாகிவிடும். கிளிஞ்சல் கிடந்த புட்டியின் தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஒரே ஒரு கிளிஞ்சல், இரண்டு நாளில், படிகாரத்தைத் தோற்கடித்திருந்தது.

அப்போதுதான் கூடையை முழுதாகப் பார்த்தேன். அப்பா வெளியே எடுத்துப் போட்ட அத்தனை கிளிஞ்சல்கள்.

*

ஆடி முடிந்த ஞாயிறு. வாசலில் மணி அடித்தது. அண்ணியின் அண்ணன் காவேரி வந்திருக்கிறாள் என்று சொல்லவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றார். டின்கள் கட்டியிருந்தன.

"தண்ணி வேணாம் தம்பி. எங்க கிணறு இன்னும் வத்தலே" என்றாள் அத்தை.

"சரிங்க. தங்கச்சிய எப்பக் கொண்டாந்து விடட்டும்?"

"சொல்லி அனுப்புறோம்."

அவர் சைக்கிளைத் திருப்பவில்லை. திருப்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெயில் தலையில் அடித்தது. அண்ணன் உள்ளே இருட்டறையில் இருந்தான். அப்பா இருட்டறை வாசலில் நின்றார்.

"அத்தை, தொட்டியில படிகாரம் போட்டது நான்" என்றேன்.

அத்தை என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "பாத்தியா தம்பி? ஒரு மாசந்தான் இருந்தா. புள்ளைய எப்படிப் பேச வெச்சிருக்கா பாரு."

உண்மையைச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஓடிப்போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்தேன். அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்தே சுண்ணாம்பு. தட்டு சிவந்தது. விறகுக்குப் பின்னாலிருந்த சோடா பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். சிவப்பு கலங்கி, ஓரத்திலிருந்து உள்ளே வெளிறி, முழுத்தட்டும் மஞ்சளாயிற்று. எனக்கு வெற்றி. அத்தையோ நெஞ்சில் கைவைத்தாள்.

"ஆரத்தியே வெளுத்துப்போச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

இதை நான் நினைக்கவே இல்லை. மூன்று நாள் அளந்து அளந்து பழகியதெல்லாம் அண்ணிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தெருவுக்கு ஓடி, சைக்கிள் டின்னை நானே திறந்து, செம்பு நிறையக் காவிரியை மொண்டு வந்தேன். தட்டைக் கழுவி மறுபடி மஞ்சள், மறுபடி சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு விரிந்தது, வெளுக்கவில்லை. மேலும் ஊற்றினேன். வெளுக்கவில்லை. பிறகு பாவாடை முடிச்சை அவிழ்த்து, மிஞ்சியிருந்த படிகாரத் துண்டைத் தட்டில் வைத்து விரலால் தேய்த்தேன். விரலைச் சுற்றி மஞ்சள் பிறந்து பரவியது.

அத்தை குனிந்து தட்டைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். ஆரத்தி அவளுக்குத் தெரிந்த விஷயம். எத்தனை கல்யாணத்துக்குக் கரைத்தவள்.

"இது ஏது?"

"அண்ணி வீட்டு மாடத்துலேர்ந்து எடுத்தேன்."

"கேட்டா எடுத்தே?"

"கேக்கலே."

நங்கென்று தலையில் ஒரு குட்டு. கண்ணில் தண்ணீர் வந்தது. "திருட்டுக் கழுத. சம்பந்தி வீட்டுலயா கை வெப்பே?" இன்னொரு குட்டு. அந்தக் குட்டுகளில் ஒரு நிம்மதி இருந்ததை இப்போது நினைத்தால் உணர முடிகிறது. அவளுக்கு இறங்கி வர ஒரு படி தேவைப்பட்டது. என் தலை கிடைத்தது.

பிறகு அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தாள். "ஏன் தம்பி வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க. தண்ணிய எறக்கி வெச்சுட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

இதற்கெல்லாம் நடுவில் என் இடது கை மூடியே இருந்தது. அதற்குள் அந்தக் கிளிஞ்சல் இருந்தது. தட்டோடு சேர்த்துக் காட்டத்தான் எடுத்து வந்தேன். அது ஊறிய புட்டித் தண்ணீரும் தயாராக இருந்தது. கிளிஞ்சல்கள் தொட்டிக்குள் இருந்திருந்தால், பழைய தண்ணீர் பாதியாவது இருந்திருந்தால், என் படிகாரம் ஒன்றும் செய்திருக்காது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நிமிர்ந்தபோது அப்பா என் மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு லிட்மஸ் தெரியும், புளிப்பு மருந்து தெரியும். வெள்ளைக் கோடு கொப்புளம் விட்டதைப் பார்த்தவர். முகத்தில் படம் எடுக்க உட்காரவைத்த குழந்தையின் அசையாமை.

நான் கையைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பத்து வயதில் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்குமா?

*

இரண்டாம் நாள் அண்ணன் போய் அண்ணியைக் கூட்டிவந்தான். அத்தை ஆரத்தி கரைக்கும்போது, "நீ கையக் கட்டிக்கிட்டுத் தள்ளி நில்லு" என்று என்னை அதட்டினாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அன்று கிணற்றடியில் என் தலையை வாரிவிட்டபோது, "மூணு சுத்துன்னு சொன்னேனே பாப்பா" என்றாள். அவ்வளவுதான். பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள்.

ஜாடியிலிருந்த தாய் மீன் பதினான்கு குட்டி போட்டிருந்தது. தொட்டியை மறுபடி நிரப்பினோம். முதலில் கிணறு, பிறகு நாளுக்கு ஒரு செம்பு காவிரி, அவசரமில்லாமல், மாதக் கணக்கில். அத்தை அடுப்படிக்கும் ஒரு செம்பு காவிரி எடுத்துக்கொண்டாள், பருப்புக்கு மட்டும் என்றாள். கறுப்புக் குட்டிகள் வளர்ந்தன. வெள்ளைக் கோடு ஒரு நூலாக முளைத்தது. அதற்கப்புறம் அப்பா அதை எந்த ஆடியிலும் துடைக்கவில்லை. அண்ணன் மகனின் முதல் பிறந்தநாள் படத்தில் ஓரமாகத் தொட்டி விழுந்திருக்கிறது. அவன் வாய் திறந்து எதையோ பார்க்கிறான், அவன் கண்ணுக்கு நேராக அந்தக் கோடு.

வீட்டில் எனக்குத் திருடி என்ற பெயர் கல்யாணம்வரை இருந்தது. சர்க்கரை குறைந்தாலும் என்னைத்தான் கேட்பாள் அத்தை, சிரித்துக்கொண்டே. அப்பா அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. மாதம் ஒரு தடவை, ஸ்டூடியோவில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில், சட்டைப் பையிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுப்பார். தொட்டிக்குள் போடுவார். அது ஆடி ஆடி அடியில் போய் உட்காரும்வரை தண்ணீரைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

போனில் யார் சொன்னது என்று கேட்டவனிடம், உன் தாத்தா என்றேன். எப்போது சொன்னார் என்று கேட்டான். மாதாமாதம் என்றேன்.